அக்காவின் காலுக்கு ஒரு கிராங்க்

20 அக்டோபர் 2024, ஞாயிறு

சைக்கிள் வீட்டுக்கு வந்துவிட்டது. ஒரகடத்தில் கம்பெனி வாசலில் கேட் பாஸ் வாங்குவதற்குள் எனக்கு வெறுத்துவிட்டது. எங்கள் சோதனைப் பிரிவில் ஓட்டி முடித்த மின்சார மலைச் சைக்கிள், ஸ்டிக்கர்கூட ஒட்டாதது. ஊழியர்கள் வீட்டுக்கு எடுத்துப் போய் ஓட்டலாம், எப்படி ஓடுகிறது என்று எழுதிக் கொடுத்தால் போதும். கன்னியப்பன்தான் அவன் மாமாவின் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். திருமுக்கூடல்காரன், எங்கள் டூல் ரூமில் லேத் ஓட்டுகிறவன்.

அம்மா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "கையத் திருகுனா ஓடுமா நைனா?"

ஓடாது. மிதித்தால்தான் ஓடும். எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோம் என்று பார்த்து மோட்டார் கூடத் தள்ளும். மிதிக்காவிட்டால் சும்மா நிற்கும்.

"அப்ப மோட்டாரு இன்னாத்துக்கு?"

இதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். அக்காவை ஏறச் சொன்னேன். ஏறினாள். வலது கால் கீழே போனது, இடது கால் மேலே வந்தது, உச்சிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. முட்டி அதற்கு மேல் மடங்காது. இடுப்பைத் தூக்கிப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திப் பார்த்தாள். ஒரு முழுச் சுற்றுகூட வரவில்லை.

"எறங்குக்கா. இது உனக்கு ஆவாது" என்றேன்.

இறங்கவில்லை. ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்தே என்னைப் பார்த்தாள். "கால மாத்த முடியாது. சைக்கிள மாத்து. அதுக்குத்தான உனுக்குச் சம்பளம் குடுக்கறாங்கோ?"

கன்னியப்பன் சிரித்த சிரிப்பில் தெருநாய் எழுந்து போய்விட்டது.

21 அக்டோபர், திங்கள்

எழுதி வைத்தால் யோசிக்க வசதி.

அக்கா சோபியா கபடி ஆடியவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் புள்ளலூரில் ஒரு மேட்ச். பாடிக்கொண்டு போன இவள் கணுக்காலை எதிரணியில் இரண்டு பேர் பிடித்துவிட்டார்கள், கோட்டைத் தொடத் திரும்பினாள், முட்டி திரும்பவில்லை. ஆபரேஷன் ஆனது. நடக்கிறாள், படி ஏறுகிறாள். ஆனால் இடது முட்டி செங்கோணத்தைக் கொஞ்சம் தாண்டியதும் நின்றுவிடுகிறது. இதற்கு மேல் வராது என்று காஞ்சிபுரத்தில் எலும்பு டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அவள் உத்திரமேரூரில் ஒரு பள்ளியில் பி.டி. மிஸ். பி.டி. மிஸ்ஸாக இருந்தவள். இப்போது ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து பஸ் பாஸுக்கு முத்திரை குத்துகிறாள். கரஸ்பாண்டென்ட் தாமோதரன் சார் நல்ல மனிதர்தான். "கால் மடங்காத பி.டி. மிஸ்ஸ வச்சிக்கினு நான் பேரண்ட்ஸுக்கு இன்னா பதில் சொல்றதும்மா?" என்று நல்ல மனிதராகவே கேட்டிருக்கிறார். வருகிற ஏப்ரலில் அந்த இடத்துக்குப் புது ஆள் எடுக்கப்போகிறார்.

அதனால் இவள் என்ன செய்தாள்? ஜவ்வாது மலையில் ஜனவரி முதல் ஞாயிறு மின்சார மலைச் சைக்கிள் பந்தயம். யாரையும் கேட்காமல் பெயர் கொடுத்துவிட்டாள். ஓடி முடித்துவிட்டு வந்து தாமோதரன் சார் முன்னால் நிற்பாளாம். பெயர் கொடுத்துவிட்டு அப்புறம்தான் என்னிடம் சைக்கிள் கேட்டாள்.

சரியான கிறுக்கு. எனக்கு இருக்கிற தைரியத்தை இவளோடது பக்கத்தில் வைக்கவே முடியாது.

27 அக்டோபர், ஞாயிறு

கிராங்க்தான் விஷயம். நடு அச்சிலிருந்து பெடல் வரைக்கும் நீளும் அந்தக் கை. அது எவ்வளவு நீளமோ அவ்வளவு பெரிய வட்டம் பாதம் போடும். வண்டியோடு வந்தது நூற்று எழுபது மில்லி. அக்கா கால் அந்த வட்டத்தின் உச்சியைத் தாண்ட முட்டி நூற்றுப் பன்னிரண்டு டிகிரி மடங்கவேண்டும். அவ்வளவு மடங்காது.

கிராங்கைக் குட்டையாக்கினால் வட்டம் சின்னதாகும். இன்னொரு லாபமும் இருக்கிறது. பெடல் கீழே இருக்கும்போது கால் பழையபடி நீளவேண்டும் என்பதால் சீட்டையும் அதே அளவு தூக்கிவிடலாம். கிராங்கில் ஒரு சென்டிமீட்டர் வெட்டினால் முட்டிக்கு இரண்டு சென்டிமீட்டர் இடம் கிடைக்கிறது. அழகான கணக்கு. இதை அக்காவிடம் படம் போட்டு விளக்கினேன். "சரி, அப்ப எவ்ளோ சின்னதா வேணா வெட்டிடு" என்கிறாள்.

அப்படி வெட்ட முடியாது. குட்டையான கை என்றால் நெம்புவிசை குறையும். அதே ஏற்றத்துக்கு இன்னும் அழுத்தி மிதிக்கணும், இல்லையென்றால் தையல் மிஷின் மாதிரி வேகமாகச் சுற்றணும். சாதாரண சைக்கிளில் இது பெரிய நஷ்டம். மின்சார சைக்கிளில் மோட்டார் ஈடுகட்டும், வேகமாகச் சுற்றினால் மோட்டாருக்கும் நல்லதுதான். ஆனால் எதற்கும் ஒரு அளவு உண்டு.

சாயந்திரம் நாலு மணிக்கு, தகர ஷீட் போட்ட கொட்டகையில் அவளை உட்காரவைத்துக் கோணமானியால் அளந்தேன். நூற்று ஆறு. மூன்று தடவை அளந்தேன், மூன்று தடவையும் அதே. நூற்று ஐம்பத்தைந்து மில்லி கிராங்க் போட்டால் நூற்று நாலு போதும். இரண்டு டிகிரி மிச்சம். முடிந்தது கதை.

எழுந்து நின்று மிதித்தால் முட்டி அவ்வளவு மடங்கவேண்டாம்தான். ஆனால் முழு எடையையும் அந்த முட்டியில் போடக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. உட்கார்ந்துதான் ஓட்டணும்.

3 நவம்பர், ஞாயிறு

கம்பெனி ஸ்டோர்ஸில் குள்ளமானவர்களுக்கென்று வாங்கிவைத்த மாதிரியில் நூற்று ஐம்பத்தைந்து இருந்தது. கையெழுத்துப் போட்டு எடுத்து வந்துவிட்டேன்.

10 நவம்பர், ஞாயிறு

சுற்றியது.

ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரம் தரையில் படாமல் வைத்து, மோட்டாரை அணைத்துவிட்டு மிதிக்கச் சொன்னேன். இடது கால் மேலே வந்தது. உச்சிக்குக் கிட்டே வரும்போது அவள் மூச்சை நிறுத்தினாள், நானும் நிறுத்தியிருப்பேன் போல. போனது. அந்தப் பக்கம் இறங்கியது. இன்னொரு சுற்று. இன்னொன்று. சுற்றிக்கொண்டே இருந்தாள். அம்மா உள்ளிருந்து நாஷ்டாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், யாரும் போகவில்லை.

கடைசியில் அம்மாவே கரண்டியோடு வந்து பார்த்தாள். "ஐயோ, நிக்கிற வண்டிய இன்னாடி மிதிச்சிக்கினே கீற? எங்க போவப்போவுது அது?"

"இன்னும் கொஞ்ச நேரம்மா" என்றாள் அக்கா. கொஞ்சுகிற குரல். அந்தக் குரலைக் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

அப்புறம் தெருவில் விட்டாள். சீட்டை உயர்த்தியதால் நிற்கும்போது அவள் கால் தரைக்கு எட்டவில்லை, எனக்கு இது தோன்றவே இல்லை. ஆண்டாளம்மாள் வீட்டு வைக்கோல்போர் மேல் போய்ச் சாய்ந்தாள். ஆண்டாளம்மாள் கத்தோ கத்தென்று கத்தியது. அக்கா வைக்கோலில் படுத்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள். இறங்குவதற்கு ஒரு வழி அவளே கண்டுபிடித்துவிட்டாள். நிற்பதற்கு முன்னாலேயே சீட்டை விட்டு முன்னே நழுவி, நல்ல காலை ஊன்றுகிறாள். சொல்லிக்கொடுக்காமலே.

17 நவம்பர், ஞாயிறு

ஏரிக்கரைக்குக் கீழே வயலுக்குப் போகிற வண்டிப் பாதையில் பழகுகிறாள். சேற்றில் உழுதுவிட்டு டிராக்டர் கேஜ் வீல் என்கிற இரும்புச் சக்கரத்தோடு அப்படியே பாதையில் ஏறிப் போனதில் இரண்டு பக்கமும் பள்ளம். வெயில் பட்டுக் காய்ந்து செங்கல் மாதிரி கிடக்கிறது. இதே வண்டியில் நான் பழைய நீளக் கிராங்கோடு இறங்கியிருந்தால் பெடல் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டே போயிருக்கும். இவள் குட்டைக் கிராங்கோடு உரசாமல் போகிறாள். முட்டிக்காகப் போட்டது பள்ளத்துக்கும் உதவுகிறது.

நாற்று நடுகிறவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். ஒரு அம்மா கேட்டது: "ஏம்மா சோபியா, அதுல எங்களையும் ஒரு ரவுண்டு குந்தவச்சி இட்டுக்கினு போவியா?"

"ஒரு ஆளுக்குத்தான் சீட்டு. நீ வேணா எறங்கி ஓட்டு, நான் நடறேன்."

"நீ நட்டா பயிரு கோணலாப் பூடும். போ, போ."

30 நவம்பர், சனி

புயல் மழை. ஏரி நிரம்பி வழிகிறது. வேலைக்கும் போகவில்லை, பழகவும் முடியவில்லை. மோட்டாரில் பதிவான தகவலை லேப்டாப்பில் இறக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு காலும் எவ்வளவு அழுத்துகிறது என்று தனித்தனியாகத் தெரியும்.

முதல் வாரம் இடது கால் சும்மா சவாரி செய்திருக்கிறது. வலது கால்தான் முழு வேலையும். போகப் போக இடது கோடு எழுகிறது. அவசரமே இல்லை அந்தக் கோட்டுக்கு. ஒரு நாள்கூட இறங்கவில்லை. பள்ளியில் முழு நாள் உட்கார்ந்துவிட்டு, பஸ் பிடித்து வந்து, ஒரு டம்ளர் டீயைக் குடித்துவிட்டு, இருட்டும்வரை மிதித்திருக்கிறாள். சோதனைப் பிரிவில் எவ்வளவோ மோட்டாரைப் பார்த்துவிட்டேன். இப்படி ஒரு கோட்டைப் பார்த்ததில்லை.

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் தலையில் ஏறிக்கொள்வாள்.

15 டிசம்பர், ஞாயிறு

சண்டை.

அக்கா நூற்று நாற்பத்தைந்து கிராங்க் கேட்கிறாள். இப்போது இருப்பதில் சுற்றுகிறதே, அப்புறம் என்ன? "சுத்துது. ஆனா மேல வர்றப்ப ஒவ்வொரு தடவையும் ஒரு இடி இடிக்குது. கொஞ்சம் தாராளமா இருந்தா நல்லாருக்கும்" என்கிறாள்.

நூற்று நாற்பத்தைந்து கடையில் கிடையாது. இருப்பது சின்னப் பிள்ளைகள் சைக்கிளுக்கு, இந்த மோட்டாரில் மாட்டாது. அங்கேதான் கன்னியப்பன் வாயை விட்டான். "பழைய நீள கிராங்கு சும்மாத்தான கெடக்குது? உள்ள தள்ளி வேற ஓட்ட போட்டு மரை எடுத்துட்டா சுத்து சின்னதாப் பூடும். லெப்ட் பெடலுக்கு எடது மரை, அத வெட்ற டேப்பு எங்கிட்ட கீது. அர நாள் வேல."

அவனுக்கு எல்லாமே அரை நாள் வேலை. அலுமினியக் கையில் நடுவே ஒரு ஓட்டை போட்டால் அங்கே விரிசல் விடும். மலையிறக்கத்தில் முறிந்தால் முட்டியோடு போகாது, முகமும் போகும். சோதிக்காமல் மாட்ட மாட்டேன். சோதிக்க மிஷின் ஜனவரி வரைக்கும் காலி இல்லை. அதோடு, கணக்குப்படி இரண்டு டிகிரி மிச்சம் இருக்கிறது என்று பச்சையாகச் சொன்னேன்.

"கணக்கு, கணக்கு! ஓட்றது நீயா நானா?"

"முறிஞ்சா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓட்றது நான்தானே?"

கன்னியப்பன் இரண்டு பேரையும் பார்த்தான். "உங்க ரெண்டு பேர்கிட்ட மாட்டிக்கினு நான்தான் பேஜாராகிறேன்" என்று தன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவள் பேசவில்லை. எனக்கென்ன. நான் சொன்னது சரி.

25 டிசம்பர், புதன்

சர்ச்சில் எல்லோரும் முழங்காலில் நின்றபோது அவள் மட்டும் நிமிர்ந்து நின்றாள். திரும்பிப் பார்த்தவர்களை அவளும் பார்த்தாள். பிரியாணி நன்றாக இருந்தது. பேசிவிட்டாள்.

4 ஜனவரி 2025, சனி

ஜமுனாமரத்தூர். வந்தவாசி, போளூர் வழியாகக் குட்டியானையில் வந்தோம். முன்சீட்டில் அக்காவும் கன்னியப்பனும். நான் பின்னால் சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தார்ப்பாய்க்குக் கீழே. மலை வளைவுகளில் சைக்கிள் என் மேல் சாய்ந்தது, நான் சைக்கிள் மேல் சாய்ந்தேன்.

பந்தயக்காரர்களில் பாதிப்பேர் சென்னை, பெங்களூர். ஒவ்வொருவர் போட்டிருக்கும் உடுப்பைப் பார்த்தால் நிலாவுக்குப் போகிறவர்கள் மாதிரி இருக்கிறது. அக்கா பள்ளிக்கூட டிராக் பேண்ட். முதுகில் ஆங்கிலத்தில் பள்ளிப் பெயர். வேண்டுமென்றே போட்டு வந்திருக்கிறாள்.

பதினெட்டு கிலோமீட்டர் காட்டுப் பாதை. முதல் பாதி ஏற்றம். பத்து மணிக்குள் முடிக்கவேண்டும், இல்லாவிட்டால் பெயரே வராது.

குளிர்கிறது. அம்மா கொடுத்தனுப்பிய போர்வை ஒன்று, நாங்கள் மூன்று பேர். அக்காவிடம் கொடுத்துவிட்டோம். கன்னியப்பன் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு, "டேய் ஆல்பர்ட்டு, இன்னாடா இது, ஊருக்குள்ளயே ஐஸ் பொட்டி வச்சிக்கினு கீறானுங்க" என்கிறான்.

5 ஜனவரி, ஞாயிறு

முதலிலிருந்து எழுதணும்.

விடிகிறதுக்கு முன்னால் எழுப்பினேன். பனி. பேசினால் வாயிலிருந்து புகை வருகிறது. சைக்கிளைச் சரிபார்த்தேன், பேட்டரி முழுசாக இருக்கிறது, காற்று சரி, எல்லாம் சரி. அக்கா ஏறினாள். வலது கால் கீழே போனது. இடது கால் மேலே வந்தது. நின்றது.

மறுபடி. நின்றது.

அதே இடம். அக்டோபர் மாசம் நின்ற அதே இடம். அவள் என்னைப் பார்க்கிறாள். நான் சைக்கிளைப் பார்க்கிறேன். கிராங்க் சரி, சீட் சரி. எதுவும் அசையவில்லை, எதுவும் மாறவில்லை, அப்புறம் எப்படி—

"வெறச்சிப் போச்சிடா. முட்டி வெறச்சிப் போச்சி."

குளிர்! நான் அளந்தது எல்லாம் சாயந்திரம் நாலு மணிக்கு, எங்கள் ஊர் வெயிலில், தகரக் கொட்டகைக்குக் கீழே. மழைக்காலத்தில்கூட வேர்க்கிற ஊர். பழகியதும் அங்கேதான். குளிர் என்று ஒன்று இருக்கிறதே எங்களில் ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லை. நான் சோதனைப் பிரிவில் இருக்கிறேன்! பேட்டரியைக் குளிர் அறையில் வைத்து நாள்கணக்கில் சோதிக்கிறவன் நான்! முட்டியை வைத்துப் பார்க்கணும்னு தோணலையே. ரெண்டு டிகிரியாம் மிச்சம். எங்கே போய் முட்டிக்கொள்வது?

கன்னியப்பன் ஓடினான். டீக்கடையில் கெஞ்சிக் கொதிநீர் வாங்கி, துண்டை நனைத்துக்கொண்டு வந்து முட்டியில் சுற்றினான். கொஞ்சம் இளகியது. ஆனால் வரிசையில் நிற்க வைத்ததும் சிறப்பு விருந்தினர் ஒருவர் பேச ஆரம்பித்தார். இளைஞர்கள், நாடு, ஆரோக்கியம். பேசினார், பேசினார். காற்று அடித்தது. துண்டு ஐஸ் ஆகிவிட்டது. நான் சீட்டை இன்னும் ஒரு விரல் தூக்கினேன். கீழே வரும்போது பாதம் பெடலை எட்டவில்லை. இறக்கிவிட்டேன். செய்வதற்கு ஒன்றும் இல்லை.

"அக்கா, விட்டுடலாம்" என்றேன். சத்தியமாகச் சொன்னேன். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"நீ அப்பால போய் நில்லு" என்றாள்.

விசில் ஊதினார்கள். எல்லோரும் போனார்கள். அக்கா நின்ற இடத்தில் இருந்தாள், வலது கால் பெடலின் மேல், இடது கால் கீழே. வலது காலை அழுத்தினாள். வண்டி நகர்ந்தது. இடது கால் மேலே வர ஆரம்பித்தது. முட்டி நிற்கும் இடத்துக்கு வருவதற்குள், பெடலைப் பின்னால் சுற்றிவிட்டாள். சைக்கிளில் பின்னால் சுற்றினால் ஒன்றும் ஆகாது, வண்டி பாட்டுக்குப் போகும். மறுபடி வலது காலை அழுத்தினாள். மறுபடி பின்னால். அரை வட்டம்கூட இல்லை, ஒரு அழுத்து, ஒரு பின்வாங்கல், ஒரு அழுத்து. கால் உச்சிக்கே போகவேண்டாம். மோட்டார் முழுச் சுற்றைக் கேட்காது. அழுத்தம் தெரிந்தால் தள்ளும். ஒவ்வொரு அழுத்துக்கும் தள்ளியது. அடிபம்பு அடிக்கிற மாதிரி அடித்துக்கொண்டே எல்லோருக்கும் கடைசியாகப் பனிக்குள் போய்விட்டாள்.

கிராங்க் வட்டம் போடத்தான் இருக்கிறது என்று நான் மூன்று மாசம் கணக்குப் போட்டேன். வட்டமே வேண்டாம் என்று அவள் முடிவு பண்ணிவிட்டாள். அந்தக் குளிரில், அந்த வரிசையில், அந்த ஆள் ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது.

கன்னியப்பன் என் பக்கம் திரும்பினான். "டேய், உங்க அக்காவ நம்ம கம்பெனில சேத்துக்கடா. நீ வூட்ல குந்திக்க."

பாதை ஒரு இடத்தில் தார்ரோட்டைக் கடக்கிறது. அங்கே போய் நின்றோம். ஏற்றம் முடிகிற இடம். முன்னணிக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். நேரம் போனது. வாலண்டியர் பையன் கொடியைச் சுருட்ட ஆரம்பித்தான், கன்னியப்பன் அவன் கையைப் பிடித்துவிட்டான். "தம்பி, இன்னும் ஒரு ஆள் கீது. சுருட்டுன, நீயும் அதுல சேந்து சுருண்டுடுவ."

வெயில் மரத்துக்கு மேலே வந்துவிட்டிருந்தது. வளைவில் முதலில் தெரிந்தது டிராக் பேண்ட். அப்புறம் கால். நான் பெடலைத்தான் பார்த்தேன். வலது கீழே, இடது மேலே, உச்சி. தாண்டியது. மறுபடி தாண்டியது. முழு வட்டம். முகமெல்லாம் வேர்வை, மூக்கு ஒழுகுகிறது, எங்களைப் பார்த்து அவள் கத்தினாள்:

"சுத்துதுடா! சுத்துதுடா டேய்!"

நான் ஏதோ கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. கபடி மேட்ச்சில் கத்துகிற மாதிரி இருந்தது என்கிறான் கன்னியப்பன்.

முடிக்கும்போது பத்துக்குக் கொஞ்சம்தான் பாக்கி. பெண்களில் கடைசிக்கு முந்தின இடம். கடைசியாக வந்தவள் வழியில் செயின் அறுந்து நின்ற பெங்களூர்ப் பெண். அக்கா அவளைத் தேடிப் போய்க் கை கொடுத்துவிட்டு வந்தாள். கழுத்தில் போட்ட மெடலைக் கன்னியப்பன் கடித்துப் பார்த்தான். தகரம்.

இறங்கும் வழியில் நான் முன்சீட். அவள் பின்னால் சைக்கிளோடு தூங்கிக்கொண்டு வந்தாள்.

6 ஜனவரி, திங்கள்

முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கிறது. அம்மா என்னைத் திட்டுகிறாள். சரிதான்.

7 ஜனவரி, செவ்வாய்

பந்தயப் பதிவை இறக்கிப் பார்த்தேன். முதல் பகுதி முழுக்கக் குட்டிக் குட்டிக் கூர்முனைகள், வலது கால் மட்டும். அப்புறம் ஒரு இடத்தில் இடது கால் எட்டிப் பார்க்கிறது. மறுபடி இல்லை. மறுபடி பார்க்கிறது. முட்டி இளகிவிட்டதா என்று கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திப் பார்த்துக்கொண்டே ஏறியிருக்கிறாள். ஏற்றத்தில், மூச்சு வாங்கிக்கொண்டு, பொறுமையாக. எனக்குச் சாதா ரோட்டில்கூட அந்தப் பொறுமை கிடையாது.

இதைச் சொல்லிவிட்டேன். அவளிடமே. "தெரியும்" என்றாள். தலையில் ஏறவில்லை.

8 ஜனவரி, புதன்

கன்னியப்பனிடம் பழைய கிராங்கைக் கொடுத்தேன். "ஓட்டை போடு." அரை நாள்தான் ஆனது. அதையும் நான் சொல்லியாகணும்.

18 ஜனவரி, சனி

பொங்கல் விடுமுறையில் மிஷின் காலி. நூற்று நாற்பத்தைந்து கிராங்கை மாட்டி, இரவும் பகலும் மிதிக்க விட்டிருந்தேன். மலையில் அவள் மிதித்ததைப் போல பல மடங்கு. இன்று கழற்றி, விரிசலைக் காட்டும் சாயம் பூசி, விளக்கு வைத்துப் பார்த்தோம். விரிசல் இல்லை. ஓட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனியைக் கன்னியப்பன் அறுத்துத் தேய்த்துவிட்டான். பார்க்க நன்றாகவே இருக்கிறது. வீக்கமும் வடிந்துவிட்டது. மாட்டிக் கொடுத்தேன்.

ஒரு சுற்றுப் போனாள். திரும்பி வந்தாள். "இடிக்கல" என்றாள். அவ்வளவுதான். டிசம்பரிலேயே சொன்னேனே என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

20 ஜனவரி, திங்கள்

பள்ளிக்குச் சைக்கிளிலேயே போனாள். நேராக தாமோதரன் சார் அறை. மெடலைக் காட்டவில்லையாம், வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அதற்காகத்தானே பந்தயத்துக்கே போனது? கேட்டால், "தகரத்த எடுத்துக்கினு போய் இன்னா பண்ண?" என்கிறாள்.

அவள் சொன்னது இது. சார் ஜன்னல் வழியாக சைக்கிளைப் பார்த்திருக்கிறார். சந்தோஷமாகக் கேட்டிருக்கிறார்: "அப்ப காலு மடங்குதாம்மா?"

"இல்ல சார். மடங்கல. மடங்காது. இப்பிடியேதான் கிரவுண்டுக்கு வருவேன். ஏப்ரல் வரைக்கும் பாருங்க. சரியில்லன்னா ஆள் எடுத்துக்கங்க."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். நாளையிலிருந்து வரச் சொல்லிவிட்டார். இவள் அதோடு வந்திருக்கலாம். வரவில்லை. கதவு வரை போய்த் திரும்பி, இன்னொன்று கேட்டிருக்கிறாள். இரண்டு வருஷமாக ஒன்பதாம் வகுப்பின் பி.டி. பீரியடை எல்லாம் கணக்கு சார் எடுத்துக்கொள்கிறார். அது இனிமேல் நடக்கக் கூடாது.

24 ஜனவரி, வெள்ளி

கணக்கு சார் பேசுவதில்லையாம்.

அக்காவும் பேசவில்லை. நாலு நாள் கிரவுண்டில் கத்தியதில் தொண்டை கட்டிக்கொண்டு, காற்று மட்டும்தான் வருகிறது. அம்மா திட்டிக்கொண்டே வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அக்கா கொப்பளித்துவிட்டு, கையால் சைகை காட்டினாள். நாளைக்குச் சனிக்கிழமையாம், பிள்ளைகளை வரச் சொல்லியிருக்கிறாளாம், விசில் பழசாகிவிட்டதாம், நான் வரும்போது புதுசு ஒன்று வாங்கி வரணுமாம்.